தீம் பார்க்குக்கு நல்ல கேமராவோடு போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

கொஞ்சம் விலை உயர்ந்த கேமரா வைத்திருப்பவர்கள் தீம் பார்க்குக்குக் கிளம்பும் முந்தின ராத்திரி கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துப்போனதால் எல்லாவற்றையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகள் இருக்கின்றன. முதலில் சாதாரண சந்தேகங்கள், போகப்போகச் சிக்கலானவை.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேமராவுக்கு இரண்டு இடம்தான் உண்டு. ஒன்று, படம் எடுக்கும் கை. இன்னொன்று, ஜிப் மூடிய பை. இந்த இரண்டிலும் இல்லாமல் மடியிலோ பெஞ்சு ஓரத்திலோ பாதி திறந்த பையிலோ கிடக்கும் நேரத்தில்தான் அது விழுகிறது, நனைகிறது, காணாமல் போகிறது. கீழே இருக்கும் பதில்களில் பாதி இதிலிருந்து வருபவைதான்.

போன்லயே நல்லா படம் வருதே, பெரிய கேமரா எதுக்கு?

நியாயமான கேள்வி. பகல் வெளிச்சத்தில் குடும்பமாக நின்று எடுக்கும் படங்களுக்கு போன் போதும். பெரிய கேமரா ஜெயிப்பது மூன்று இடங்களில். தூரத்தில் உச்சியிலிருந்து இறங்கும் ரோலர் கோஸ்டரில் உங்கள் ஆட்களின் முகத்தைப் பிடிப்பது, ராத்திரி ஊர்வலமும் வாணவேடிக்கையும், இருட்டு அரங்கத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சி. இவற்றில் எதுவுமே உங்கள் திட்டத்தில் இல்லை, காலையிலிருந்து ராத்திரி வரை ரைடு ஏறப்போகிறீர்கள் என்றால் கேமராவை வீட்டிலேயே விடுங்கள். சுமந்துகொண்டு திரிவதுதான் மிச்சமாகும்.

தண்ணீர் விளையாட்டு மட்டுமே இருக்கும் பார்க் என்றால் யோசிக்கவே வேண்டாம், வேண்டாம்தான். ஆட்டத்தில் ஏறாமல் ஓரமாக நின்று படம் எடுக்க மட்டும் ஒருவர் வருகிறார் என்றால் தவிர.

வாசல்ல கேமராவை உள்ளே விடுவாங்களா?

கேமராவைப் பெரும்பாலும் விடுவார்கள். கூட வரும் சாமான்களில்தான் பிரச்சினை வரும். டிஸ்னி பார்க்குகளில் 2015 நடுவிலிருந்து செல்ஃபி ஸ்டிக்குக்குத் தடை. டோக்கியோ டிஸ்னியில் ட்ரைபாடு, மோனோபாடு (ஒற்றைக் கால் ஸ்டாண்டு) எதற்கும் அனுமதி கிடையாது. ஃப்ளோரிடாவில் உள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டில் சாதாரண முதுகுப் பைக்குள் அடங்குகிற ட்ரைபாடை விடுவார்கள். ஒரே நிறுவனம், இடத்துக்கு ஒரு விதி. அதனால் 'அங்கே விட்டார்களே' என்று வாசலில் வாதாடிப் பயனில்லை. ட்ரோனை எங்கும் எடுத்துப் போகாதீர்கள்.

போகிற பார்க்கின் இணையதளத்தில் தடை செய்யப்பட்ட பொருட்களின் பட்டியல் இருக்கும். முந்தின நாள் அதைப் படித்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் பெரிய டெலிஃபோட்டோ லென்ஸைப் பார்த்தால் 'வியாபாரத்துக்கு எடுக்கிறீர்களா' என்று கேட்க வாய்ப்புண்டு. பல இடங்களில் தொழில்முறைப் படப்பிடிப்புக்குத் தனி அனுமதி வேண்டும்.

என்ன மாதிரி பை நல்லது? என்கிட்ட பெரிய கேமரா பேக்பேக் இருக்கு.

அந்தப் பெரிய பேக்பேக்கை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் முதுகிலிருந்து இறக்கி, கீழே வைத்து, திறந்து, எடுத்து, மூட வேண்டும். இரண்டாவது மணி நேரத்திலேயே 'அடுத்த படத்துக்கு அப்புறம் மூடிக்கலாம்' என்று தோன்ற ஆரம்பித்துவிடும். கையிலும் இல்லை, மூடிய பையிலும் இல்லை என்று நான் மேலே சொன்ன நிலை இதுதான். தவிர, பெரிய பை பல லாக்கர்களில் நுழையாது, வரிசையில் பின்னால் நிற்பவர் முகத்திலும் இடிக்கும்.

குறுக்கே மாட்டி, வேண்டும்போது முன்னால் இழுத்துத் திறக்கிற சிறிய ஸ்லிங் பைதான் சரி. ஒரு பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), அதில் மாட்டிய ஒரு லென்ஸ், இன்னொரு சின்ன லென்ஸ், இரண்டு பேட்டரி, இவ்வளவு போனால் போதும். வாங்கும்போது மூடி எந்தப் பக்கம் திறக்கிறது என்று பாருங்கள். வெளிப்பக்கமாக, அதாவது உங்கள் உடம்புக்கு எதிர்த்திசையில் மடிந்து திறந்தால் நல்லது. உடம்புப் பக்கமாகத் திறக்கிற மூடி, எடுக்கும்போதெல்லாம் கைக்கு நடுவில் வந்து நிற்கும். அப்புறம் அடிப்பாகம். தீம் பார்க்கில் தரை எப்போதும் எங்காவது ஈரமாகத்தான் இருக்கும். அடியில் ரப்பர் பூச்சு உள்ள துணி இல்லையென்றால் கீழே வைத்த இரண்டு நிமிடத்தில் ஈரம் மேலே ஏறிவிடும்.

புதுப் பை வாங்க மனசில்லை என்றால், பஞ்சு வைத்த கேமரா இன்செர்ட் தனியாகக் கிடைக்கும். அதை வீட்டில் கிடக்கும் எந்தத் தோள்பையிலும் போட்டுக்கொள்ளலாம். உள்ளே விலை உயர்ந்த பொருள் இருப்பது யாருக்கும் தெரியாது என்பது கூடுதல் லாபம்.

கழுத்துல மாட்டிக்கிட்டே சுத்தினா போதாதா?

கேமராவோடு வரும் பட்டையைக் கழுத்தில் நேராகத் தொங்கவிட்டால் இரண்டு தொல்லை. லென்ஸோடு சேர்ந்து ஒன்றேகால் கிலோ இருந்தால், அதை நாள் முழுக்கக் கழுத்தெலும்பு தாங்க வேண்டும். குனிந்து குழந்தையைத் தூக்கும்போது கேமரா முன்னால் ஆடிப் போய்க் கம்பியிலோ குழந்தை தலையிலோ மோதும். குறுக்காக, ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்கு வரும்படி போட்டுக்கொள்ளுங்கள். லென்ஸ் கீழே பார்த்து, கேமரா இடுப்புக்குச் சற்றுப் பின்னால் இருக்கட்டும். லென்ஸ் முனையில் மாட்டும் வளையமான ஹூடையும் மாட்டியே வையுங்கள். கம்பியில் இடித்தால் முதல் அடியை அந்தப் பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளும்.

கேமராவின் அடியில் இருக்கும் ட்ரைபாடு துளையில் திருகி மாட்டும் ஸ்லிங் பட்டை வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். நடக்க நடக்க கேமரா ஆடுவதில் அந்தக் கால் அங்குலத் திருகு மெதுவாகக் கழன்று வரும். ஒவ்வொரு முறை உட்காரும்போதும் விரலால் ஒரு முறுக்கு முறுக்கிப் பாருங்கள். அந்த வகைப் பட்டை என்றால், பாடியின் பக்கவாட்டு வளையத்திலிருந்து பட்டைக்கு இன்னொரு சின்னக் கயிறும் கட்டியிருக்க வேண்டும்.

எத்தனை லென்ஸ் எடுத்துட்டுப் போகலாம்?

ஒன்று. மனசு கேட்கவில்லை என்றால் ஒன்றரை, அதாவது ஒரு ஜூமும் பாக்கெட்டில் அடங்குகிற ஒரு சின்ன ப்ரைமும் (ஜூம் ஆகாத லென்ஸ்). பெரிய சென்சார் உள்ள முழு ஃப்ரேம் கேமராவுக்கு 24-105 மிமீ, அதைவிடச் சின்ன சென்சாரான ஏபிஎஸ்-சி என்றால் 18-135 மிமீ போன்ற ஜூம் பகல் முழுக்க ஓட்டிவிடும். இருட்டியதும் 35 மிமீ எஃப்1.8 மாதிரி ஒன்று இருந்தால் சௌகரியம்.

லென்ஸ் மாற்றும்போது, முக்கியமாக உள்ளே கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் வகையில், பெரும்பாலான மாடல்களில் சென்சார் அப்படியே திறந்து நிற்கும். தூசி, நீர்த்துளி, மேடைப் புகை எல்லாம் சுற்றும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது. மாற்றியே ஆக வேண்டும் என்றால் கூரை உள்ள இடத்துக்குப் போய், கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள்.

ரைடு ஏறும்போது கேமராவை என்னதான் பண்றது?

ரொம்பப் பேர் இதை வரிசையின் கடைசியில், ஊழியர் 'சார், கையில் எதுவும் இருக்கக்கூடாது' என்று சொல்லும்போதுதான் யோசிக்கிறார்கள். பின்னால் கூட்டம் நிற்கும், பதற்றத்தில் கேமராவை ஏதோ ஒரு தட்டில் வைத்துவிட்டு ஓடுவார்கள். வரிசையில் சேருவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

எனக்குப் பிடித்த வழி, ஏறாத ஒருவர் கையில் கொடுப்பது. எந்தக் குழுவிலும் ரோலர் கோஸ்டர் என்றாலே தலை சுற்றும் ஒருவர் இருப்பார், அவருக்கு அடிப்படை செட்டிங்கைச் சொல்லிக் கொடுத்துவிட்டால் நீங்கள் அலறும் படமும் கிடைக்கும். சின்னக் குழந்தையோடு போகிறவர்களுக்குப் பல பெரிய பார்க்குகளில் முறை மாற்றி ஏறும் வசதி இருக்கிறது. ஒருவர் குழந்தையோடு காத்திருப்பார், முதல் ஆள் இறங்கியதும் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் இவர் ஏறலாம். டிஸ்னியில் இதை ரைடர் ஸ்விட்ச் என்பார்கள். கேமராவும் கூடவே கை மாறிக்கொள்ளும். இரண்டும் முடியாவிட்டால் லாக்கர்.

லாக்கரை நம்பலாமா?

திருட்டு விஷயத்தில், சாவியையோ எண்ணையோ தொலைக்காதவரை நம்பலாம். எண் போட்டுத் திறக்கும் லாக்கர் என்றால், பின்னால் நிற்பவர் பார்க்கும்படி அழுத்தாதீர்கள். உங்கள் பிறந்த வருடத்தையும் வைக்காதீர்கள். லாக்கர் எண்ணையும் பக்கத்தில் இருக்கும் பலகையையும் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாயங்காலம் எல்லா வரிசையும் ஒரே மாதிரி தெரியும்.

பலர் மறப்பது, அந்த லாக்கரில் உங்களுக்கு முன்னால் என்ன இருந்தது என்பதை. தண்ணீர் ரைடு பக்கத்தில் இருக்கும் லாக்கரில் யாரோ ஈரத் துண்டை வைத்து எடுத்திருப்பார்கள், அடியில் விரல் நுனி அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். வைப்பதற்கு முன் கையால் தடவிப் பாருங்கள். பையை நிமிர்த்தி வையுங்கள், உங்கள் ஈரச் செருப்பை அதன் மேல் போடாதீர்கள். வெயில் நேராக அடிக்கும் இரும்பு லாக்கரைவிட நிழலில் இருப்பது நல்லது. காரணம் கீழே கார் கேள்வியில் இருக்கிறது.

சட்டைக்குள்ள போட்டு ஜிப்பை ஏத்திட்டா ரோலர் கோஸ்டர்ல கொண்டு போகலாமே?

வேண்டாம். ஊழியர் பார்க்கமாட்டார் என்பது வேறு, நடப்பது வேறு. பெரிய கோஸ்டர்களில் வளைவின் அடியில் 4 ஜி வரை, அதாவது சாதாரண எடையைப்போல் நான்கு மடங்கு வரை, விசை வருவது சாதாரணம். ஒன்றேகால் கிலோ கேமரா அந்த நொடியில் ஐந்து கிலோவாக அழுத்தும். அதற்கு அடுத்த மேட்டில் எடையே இல்லாததுபோல் எழும்பும். நெஞ்சுக்கும் பாதுகாப்புக் கம்பிக்கும் நடுவில் மாட்டினால் பின்பக்கத் திரை உடையும், உங்கள் விலா எலும்புக்கும் நல்லதில்லை.

நழுவினால் இன்னும் மோசம். 40 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள், காற்றின் தடையைக் கணக்கில் எடுக்காவிட்டால், தரையைத் தொடும்போது மணிக்கு சுமார் 100 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே நடந்துபோகிறவர் தலையில் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊழியர்கள் கறாராக இருப்பதன் காரணம் இதுதான். ஒர்லாண்டோ யுனிவர்சலில் வெலோசிகோஸ்டர் போன்ற சில ரைடுகளில் மெட்டல் டிடெக்டரே வைத்திருக்கிறார்கள். மெதுவாகப் போகும் ரயில், ராட்டினம், படகு மாதிரியானவற்றில் கையில் வைத்து எடுக்கலாம், ஆனால் பட்டை உடம்பில் இருக்க வேண்டும். ஆக்ஷன் கேமராவை நெஞ்சில் கட்டிக்கொண்டு போகலாமா என்பதும் அந்தந்த ரைடின் விதி, கேட்டுவிட்டு ஏறுங்கள்.

என் கேமரா வெதர் சீல்டு. தண்ணி ரைடுல பயமில்லையே?

'வெதர் சீல்டு' என்பதற்கு எல்லா கம்பெனிக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. மூட்டுகளில் ரப்பர் வைத்திருக்கிறோம் என்பதைத் தாண்டி அந்தச் சொல் எந்த உறுதியும் தருவதில்லை. அளவுகோல் என்றால் ஐபி எண்தான். அதில் முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. மாற்று லென்ஸ் கேமராக்களில் இப்படி எண் போட்டு வருபவை கொஞ்சம்தான். 2022-ல் வந்த ஓஎம் சிஸ்டம் கம்பெனியின் ஓஎம்-1 அப்படி ஒன்று, ஐபி53. அந்த 3-க்கு அர்த்தம், மேலிருந்தும் சரிவாகவும் விழும் தூறலைத் தாங்கும் என்பது. எல்லாத் திசையிலிருந்தும் தெறிப்பதற்கு 4, பீய்ச்சி அடிப்பதற்கு 5, 6, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்குவதற்கு 7. மரக்கட்டைப் படகு சறுக்கி இறங்கும்போது முன் வரிசையில் உட்கார்ந்தவர் மேல் அடிக்கும் தண்ணீரை இந்த 3-க்குள் அடக்க முடியாது. சீல் உள்ள பாடியில் சீல் இல்லாத லென்ஸை மாட்டியிருந்தால் அந்த 3-ம் கிடையாது.

நனைவதற்கென்றே செய்த கேமராக்கள் தனி. சமீபத்திய கோப்ரோ ஹீரோ பிளாக் மாடல்கள் பெட்டி இல்லாமலே 10 மீட்டர் ஆழம் தாங்கும், ஓஎம் சிஸ்டம் டிஜி-7 15 மீட்டர் தாங்கும். அவற்றிலும் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தில் ஒரு தலைமுடி சிக்கினாலும் தண்ணீர் உள்ளே போய்விடும். மூடும் முன் விரலால் ஒரு சுற்றுத் துடையுங்கள்.

கரையில நின்னு எடுத்தா நனையாது இல்ல?

தண்ணீர் ரைடின் குறுக்கே போகும் பாலம் இருக்கிறதே, அங்கே நிற்கிறவரையும் நனைப்பதற்கென்றே அதைக் கட்டியிருப்பார்கள். தரை எதுவரை ஈரமாக இருக்கிறது என்று பாருங்கள், இரண்டு படகு இறங்கும்வரை தள்ளி நின்று கவனியுங்கள். ஈரம் முடியும் இடத்திலிருந்து நாலு அடி பின்னால் நின்றால் போதும். காற்று உங்கள் பக்கம் வீசினால் அதற்கும் பின்னால்.

ஜிப் பிளாஸ்டிக் கவரே போதுமா, ட்ரை பேக் வாங்கணுமா?

திடீர் மழைக்கும் சாரலுக்கும் நல்ல தடிமனான ஜிப் கவர் போதும், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு போட்டால் நிம்மதி. மூடும் முன் காற்றை அழுத்தி வெளியேற்றுங்கள். மழையில் படம் எடுக்கவும் வேண்டும் என்றால், குளிக்கும்போது தலைக்குப் போடும் எலாஸ்டிக் பிளாஸ்டிக் தொப்பி கேமரா மேல் அழகாக உட்காரும். கண் வைக்கும் இடம் மட்டும் வெளியே தெரியும்படி இழுத்துவிடலாம்.

படகில் கூடவே எடுத்துப் போயே ஆக வேண்டும் என்றால் வாய் சுருட்டும் ட்ரை பேக். குறைந்தது மூன்று மடிப்பு இறுக்கமாகச் சுருட்டிக் கொக்கியை மாட்டினால்தான் அது வேலை செய்யும். அவசரத்தில் ஒரு மடிப்பு மடித்தால் சாதாரணத் துணிப்பைக்கும் அதற்கும் வித்தியாசமில்லை. இந்த வகைப் பைகள் தெறிப்புக்கும் சிறிது நேர நனைவுக்கும்தான், முழுக்கத் தண்ணீரில் அமுக்க அல்ல. ஈரக் கையோடு உள்ளே விட்டு கேமராவை எடுப்பதில்தான் பாதிப் பேர் கோட்டை விடுகிறார்கள். ஒரு சின்னத் துண்டைத் தனியாகக் கையிலேயே வைத்திருங்கள்.

ஏசி ஹால்ல இருந்து வெளிய வந்ததும் லென்ஸ் முழுக்கப் புகை மாதிரி ஆயிடுது, கேமரா போச்சா?

போகவில்லை. குளிர்ந்த கண்ணாடி மேல் வெளியே இருக்கும் ஈரக்காற்று பட்டதும் நீராக மாறிப் படிகிறது. துடைத்தால் உடனே மறுபடி படியும், கண்ணாடி சூடாகும்வரை அப்படித்தான். வெளியே காற்று எவ்வளவு ஈரமாக இருக்கிறதோ அவ்வளவு நேரம் இழுக்கும், சில சமயம் இருபது முப்பது நிமிடம்கூட.

இதற்கு வழி, குளிர் அரங்கத்துக்குள் இருக்கும்போதே, கதவுக்கு வருவதற்கு முன், கேமராவை ஜிப் கவரில் போட்டு மூடிப் பைக்குள் வைப்பது. வெளியே வந்தபின் அந்த ஈரம் கவரின் மேல் படியும், கேமரா உள்ளே மெதுவாகச் சூடாகும். அதுவரை போனில் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கியிருக்கும் நேரத்தில் லென்ஸை மட்டும் கழற்றாதீர்கள், அதே ஈரம் சென்சார் மேலும் லென்ஸின் பின்பக்கமும் படிந்துவிடும்.

நனைஞ்சேபோச்சு. இப்ப என்ன பண்றது? அரிசில போடவா?

அரிசி வேண்டாம். திறந்த காற்றில் வைப்பதைவிட அது பெரிதாக எதையும் உறிஞ்சுவதில்லை, மாவும் உமித்தூசியும் ஓட்டைகளில் போவதுதான் மிச்சம். முதல் வேலை அணைப்பது. 'வேலை செய்யுதா பார்க்கலாம்' என்று மறுபடி ஆன் செய்வதில்தான் பெரும்பாலான கேமரா சாகிறது, ஏனென்றால் மின்சாரமும் ஈரமும் சேர்ந்தால் சர்க்யூட் போர்டு அரிக்கும், ஷார்ட் ஆகும். பேட்டரியை எடுங்கள், கார்டை எடுங்கள், வெளிப்புறத்தைத் துணியால் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் துளி இடுக்குக்குள் நகரும். எல்லா மூடியையும் திறந்து, காற்றோட்டமான நிழலில், துளி வெளியே வடியும்படி சாய்த்து வையுங்கள். ஹேர் டிரையர் வேண்டாம், சூட்டில் பசையும் ரப்பரும் இளகும், காற்று ஈரத்தை உள்ளே தள்ளும்.

என்ன தண்ணீர் என்பது முக்கியம். மழைநீர் சில துளி என்றால் ஒரு நாள் காய்ந்தபின் பெரும்பாலும் தப்பிவிடும். குளோரின் போட்ட தண்ணீரோ கடல் தண்ணீரோ உள்ளே போயிருந்தால் காய்ந்த பிறகும் உப்பு உள்ளேயே தங்கி அரித்துக்கொண்டே இருக்கும். இரண்டு நாள் நன்றாக ஓடிவிட்டு மூன்றாம் வாரம் நின்றுபோவது இப்படித்தான். அப்படி என்றால் தாமதிக்காமல் சர்வீஸுக்குக் கொடுங்கள், என்ன தண்ணீர் என்று மறைக்காமல் சொல்லுங்கள்.

சன்ஸ்கிரீன் போட்ட கையால தொடக் கூடாதுன்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம்தான். லென்ஸில் பட்டால் எண்ணெய்ப் படலமாக நிற்கும், சாதாரணத் துடைப்பில் போகாது. அதைவிடக் கவலைப்பட வேண்டியது கொசு விரட்டி. அதில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் இளக்கிவிடும், கைப்பிடி பிசுபிசுவென்று ஆவதும் பின் திரையின் உறை மங்குவதும் அதனால் நடக்கும். பூசியபின் உள்ளங்கையையும் விரல்களையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கேமராவைத் தொடுங்கள். ஸ்ப்ரே வகை என்றால் கேமராவுக்குப் பக்கத்தில் அடிக்கவே வேண்டாம்.

நுரை ஆட்டம், மேடைப் புகை, இதுக்கெல்லாம் என்ன பண்றது?

நுரை என்பது சோப்புத் தண்ணீர். காய்ந்தால் பட்டன் இடுக்கில் ஒட்டும். நுரை நடக்கும் இடத்தில் கேமரா பைக்குள். மேடைப் புகை எண்ணெய்ப்பசை மாதிரி மெல்லிய படலத்தை லென்ஸில் விட்டுப்போகும், முன்னால் ஒரு தெளிவான ஃபில்டர் போட்டிருந்தால் ராத்திரி அதை மட்டும் கழுவித் துடைத்தால் போதும். விழுந்தால் லென்ஸைக் காப்பாற்றும் என்று நினைத்து ஃபில்டர் வாங்காதீர்கள். மெல்லிய கண்ணாடி, உடைந்தால் அதன் சில்லே லென்ஸைக் கீறும். அடியைத் தாங்குவது ஹூடுதான்.

லேசர் ஷோவை எடுத்தா சென்சார் போயிடும்னு பயமுறுத்துறாங்க.

பயம் வீண் இல்லை. லேசர் கதிர் நேராக லென்ஸுக்குள் வந்தால் சென்சாரில் நிரந்தரக் கோடோ புள்ளியோ விழலாம், அதற்குச் சர்வீஸ் என்பது சென்சாரையே மாற்றுவது. கதிர் வானத்தையோ பக்கவாட்டுச் சுவரையோ நோக்கிப் போகிறது என்றால் எடுக்கலாம். கூட்டத்தின் மேல் சுழற்றி அடிக்கிறார்கள் என்றால் மூடியைப் போட்டுவிடுங்கள். போன் கேமராவுக்கும் இதே கதைதான்.

சூரியனும் இதில் சேரும். மிரர்லெஸ் கேமராவை மூடி போடாமல் லென்ஸ் மேலே பார்த்தபடி பெஞ்சில் வைத்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் எரிவதுபோல் உள்ளே ஷட்டர் திரையோ சென்சாரோ கருகலாம். உட்கார்ந்தால் மூடி போடுங்கள், அவ்வளவுதான்.

மதியத்துக்கு மேல தேவையில்லைன்னா கார்ல விட்டுட்டு வரலாமா?

கூடாது. பெரும்பாலான கேமராவின் கையேட்டில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரை என்றுதான் போட்டிருக்கும். வெயிலில் நிற்கும் மூடிய காரில் டாஷ்போர்டு 60 டிகிரியைத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரி அந்தச் சூட்டில் உப்பிப் போகலாம், ஆயுளும் குறையும். லென்ஸுக்குள் இருக்கும் மசகு எண்ணெய் இளகி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அபர்ச்சர் இதழ்களில் படியவும் கூடும். டிக்கி கொஞ்சம் தேவலை, ஆனால் பார்க்கிங்கில் எல்லோரும் பார்க்க டிக்கியைத் திறந்து கேமராவை வைத்துவிட்டுப் போவது வேறு வகை ஆபத்து. லாக்கரே மேல்.

தனியா போறேன், குழந்தையும் கூட வருது. நான் எப்படி சமாளிக்கிறது?

இந்த நிலையில் முறை மாற்றி ஏறுவது நடக்காது. நாளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரைடுகள் ஒரு பாதி, கேமரா லாக்கரில். ஊர்வலம், மேடை, விளக்குகள் இன்னொரு பாதி, கேமரா கையில். இரண்டையும் கலந்தால்தான் திண்டாட்டம். குழந்தையின் தள்ளுவண்டியில் கேமராப் பையைத் தொங்கவிடாதீர்கள். ரைடுக்கு வெளியே வண்டி நிறுத்தும் இடத்தில் காவல் என்று யாரும் இருக்க மாட்டார்கள், பாரம் பின்பக்கம் இருந்தால் குழந்தையைத் தூக்கியதும் வண்டியும் மல்லாந்து விழும்.

தொலைஞ்சா திரும்பக் கிடைக்க வழி இருக்கா?

தொலைவதற்கு முன்னால் செய்யும் வேலைகள்தான் உதவும். சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கள். பல கேமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் தகவலிலும் அந்த எண்ணைப் பதிக்கும், பழைய படம் ஒன்று இருந்தாலும் பார்த்துக்கொள்ளலாம். அப்புறம், ஒரு காகிதத்தில் உங்கள் மின்னஞ்சலை எழுதி அதை மெமரி கார்டின் முதல் படமாக எடுத்து, அழியாதபடி லாக் செய்துவிடுங்கள். கண்டெடுத்தவர் நல்லவராக இருந்தால் முதலில் படங்களைத்தான் பார்ப்பார். பார்க்கின் தொலைந்த பொருள் அலுவலகத்தில் சீரியல் எண்ணைச் சொல்ல முடிந்தால் வேலை சுலபம். காப்பீடு இருந்தால் ஒரு பொருளுக்கு அதிகபட்சம் எவ்வளவு என்ற வரியைத் தேடிப் படியுங்கள், பயணக் காப்பீடுகளில் அது பெரும்பாலும் கேமராவின் விலையைவிடக் குறைவாகவே இருக்கும்.

கோஸ்டர்ல பெரிய காந்தம் இருக்காமே, மெமரி கார்டு அழிஞ்சிடாதா?

அழியாது. பல கோஸ்டர்களில் நிறுத்துவதற்கு வலுவான காந்த பிரேக் இருப்பது உண்மை, சிலவற்றில் ஓட்டுவதே மின்காந்த மோட்டார்தான். ஆனால் அந்தக் காந்தப்புலம் தண்டவாளத்தை ஒட்டியே இருக்கும், கொஞ்சம் தள்ளினால் வேகமாகக் குறைந்துவிடும். தவிர, மெமரி கார்டு ஃப்ளாஷ் வகை, அதில் தகவல் மின்னூட்டமாக இருக்கிறது. காந்தத்தால் அழிவது பழைய டேப்பும் ஃப்ளாப்பியும்.

வேகமான ரைடுக்கு அப்புறம் கேமராவை ஆட்டினா உள்ள ஏதோ கடகடங்குது, கழண்டுபோச்சா?

பாடிக்குள்ளேயே நடுக்கம் குறைக்கும் வசதி உள்ள கேமரா என்றால், பதற வேண்டாம். அதில் சென்சார் ஒரு மிதக்கும் தட்டில் உட்கார்ந்திருக்கும், அணைத்திருக்கும்போது அந்தத் தட்டு லேசாக ஆடும். ஆன் செய்ததும் சத்தம் நின்றுவிட்டால் அது இயல்பு. நிற்கவில்லை, அல்லது படத்தில் ஒரு பக்கம் மட்டும் மங்குகிறது என்றால் சர்வீஸில் காட்டுங்கள்.

நீண்ட நாள் அதிர்வு இந்த வகைப் பாகங்களுக்கு நல்லதல்ல என்பது சரிதான். 2021-ல் ஆப்பிள் நிறுவனமே, பெரிய மோட்டார் சைக்கிளின் கைப்பிடியில் ஐபோனை மாட்டி ஓட்டினால் கேமரா பாதிக்கப்படலாம் என்று எச்சரித்தது. அது மணிக்கணக்கில் தொடரும் அதிர்வு. பஞ்சு வைத்த பைக்குள் கேமரா இருக்க, நீங்கள் குழந்தைகள் ரயிலில் ஒரு சுற்று வருவதால் எதுவும் ஆகாது.

வீட்டுக்கு வந்ததும் என்ன செய்யணும்?

களைப்பில் பையை அப்படியே மூலையில் போட்டுத் தூங்கிவிடுவதுதான் பூஞ்சைக்கு வழி. பையிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுங்கள், பையைத் திறந்தே காயப்போடுங்கள், பட்டையில் வியர்வை உப்பு இருந்தால் ஈரத்துணியால் துடையுங்கள். கேமராவை முதலில் ஊதும் ரப்பர் பந்தால் ஊதி, அப்புறம் மைக்ரோஃபைபர் துணியால் துடையுங்கள். வரிசை மாறினால் தூசியே கண்ணாடியைக் கீறும். நன்றாக உலர்ந்தபின் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வைக்கலாம், உள்ளே ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதம் இருந்தால் சரி. ஜெல்லின் நிறம் மாறியிருந்தால் அது ஏற்கெனவே குடித்து நிறைந்துவிட்டது, சூடாக்கி உலர்த்திவிட்டுப் போடுங்கள். கார்டில் இருக்கும் படங்களை இரண்டு இடத்தில் நகல் எடுத்த பிறகே ஃபார்மேட் செய்யுங்கள்.